மீனுக்கும் சிறுத்தைக்கும் பொறுப்பு யார்? ஒரு பாதுகாப்பு அலுவலகத்தின் தலைமைப் பதவி

மும்பையில் தமிழர்கள் நிறைய வாழும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். தாராவியை ஒட்டி மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும். ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடாவிலிருந்து கொஞ்சம் தள்ளி உப்பளங்களும் சிவ்ரியின் சேற்றுப் பரப்பும். செம்பூரிலிருந்து வாஷிக்குப் பாலம் ஏறினால் கீழே தானே கழிமுகம். முலுண்டுக்குப் பின்னால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் (மாங்குரோவ்) காட்டுக்கும் சிறுத்தைக் காட்டுக்கும் இடையில்தான் நாம் குடியிருக்கிறோம்.

இந்த உயிர்களுக்கெல்லாம் பொறுப்பாக அரசு அலுவலகங்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தலைவர்கள் இருக்கிறார்கள். சிறுத்தை ஒன்று குடியிருப்புக்குள் வந்துவிட்டால் "ஃபாரஸ்ட்காரங்க என்னதான் செய்யுறாங்க?" என்று கேட்போம், மற்ற நாட்களில் அவர்கள் நம் நினைவிலேயே இல்லை. அந்த நாற்காலியில் இருப்பவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, எது அவர் கையில் இல்லை, நல்லபடியாக நடத்துவதென்றால் என்ன அர்த்தம் என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராவது இந்த வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

மீன் ஒரு துறை, ஆமை ஒரு துறை

அமெரிக்காவில் 1940இல் மீன்வள அலுவலகத்தையும் வன உயிர் ஆய்வு அலுவலகத்தையும் சேர்த்து ஒரே அமைப்பாக்கினார்கள். அதன் இயக்குநரை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். மீன், வன உயிர் மேலாண்மையில் அறிவியல் படிப்பும் அனுபவமும் உள்ளவராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரே கூரை கிடையாது. காடும் வன உயிரும் 1976இல் அரசியல் சாசனத்தின் 42ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போயின. அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடலாம். மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசு.

மகாராஷ்டிராவில் இது மூன்று அலுவலகங்களாகப் பிரிந்து கிடக்கிறது. மீனவர்களின் படகு, உரிமம், தடைக்காலம் எல்லாம் மீன்வளத்துறை ஆணையர் கையில். வன உயிர்களுக்கெல்லாம் தலைமை வன உயிரினக் காப்பாளர். அவருடைய அலுவலகம் மும்பையில் இல்லை, நாக்பூரில் இருக்கிறது. அப்புறம், கடலோர அலையாத்திக் காடுகளையும் கடல் உயிர்களையும் பார்த்துக்கொள்ள 2012இல் வனத்துறைக்குள்ளேயே தனியாக 'மாங்குரோவ் செல்' என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். அதன் தலைவர் கூடுதல் முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அந்தஸ்தில் உள்ளவர். அவர் உட்கார்ந்திருப்பது மும்பையில்.

ஒரே வலையில் விழும் இரண்டு உயிர்கள் இரண்டு துறைக்குப் போகும். வாவல் மீன் விழுந்தால் அது மீன்வளத்துறையின் சங்கதி. பங்குனி ஆமை என்ற கடலாமை விழுந்தால் வனத்துறையின் சங்கதி. திமிங்கலச் சுறா பெயருக்கு மீன்தான், ஆனால் 2001இலிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அதற்கும். ராமநாதபுரம் பக்கத்து உறவுக்காரர்கள் இருந்தால் கடல் அட்டை விவகாரம் தெரிந்திருக்கும். அதுவும் அதே ஆண்டு சட்டத்துக்குள் வந்தது, அன்றிலிருந்து பிடித்தால் வழக்குதான். ஆகவே இந்தப் பதவியில் வந்து உட்காருபவர் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டியது, தன் எல்லை எங்கே முடிகிறது, அடுத்த அலுவலகத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை.

கையெழுத்தின் கனம்

சட்டம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு என்ன தருகிறது? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டும் வராது. கூண்டு வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். முதல் அட்டவணையில் உள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது குணப்படுத்த முடியாதபடி நோயுற்றிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். அதுவும் எழுத்தில், காரணத்தோடு. கொல்ல உத்தரவிட வேண்டுமானால், அதைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறிடம் கொண்டுபோகவோ முடியாது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். பிடித்த விலங்கைக் கூண்டிலேயே வைத்திருப்பதானால், மீண்டும் காட்டில் விட முடியாத காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

சட்டத்தின் 5ஆவது பிரிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மாநில அரசின் ஒப்புதலோடு தன் அதிகாரங்களைக் கீழ் அதிகாரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, முதல் அட்டவணை விலங்கு பற்றிய இந்த ஒரு அதிகாரத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்கிறது. சிறுத்தையும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது, ஆகவே முலுண்டில் ஒரு சிறுத்தையை ஆபத்தானது என்று முடிவுகட்ட வேண்டுமானாலும் அந்த முடிவு நாக்பூரில் இருப்பவருடையதுதான். கீழே கூட்டம் கூடிக் கத்திக்கொண்டிருக்கும், தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருப்பார்கள், எம்எல்ஏவும் போனில் இருப்பார். இத்தனை நெருக்கடியிலும் ஒருவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும். அவசரத்தில் ஒரு உயிர் போய்விடக் கூடாது என்பதற்காகச் சட்டம் வேண்டுமென்றே வைத்திருக்கும் தடுப்பு இது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதே சட்டப்படி, செத்துக் கிடக்கும் வன உயிரும் அரசின் சொத்து. 2016 ஜனவரியில் ஜூஹு கடற்கரையில் சுமார் 35 அடி நீளத் திமிங்கலம் ஒன்று செத்து ஒதுங்கியது. கடற்கரை ஒருவருடையது, துப்புரவு மாநகராட்சியுடையது, திமிங்கலமோ வனத்துறையுடையது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு. இப்படி ஒரு உடல் கரை ஒதுங்கினால் கூட்டத்தைத் தள்ளி நிறுத்த வேண்டும், மருத்துவரை வைத்துச் சோதனை செய்ய வேண்டும், புதைக்க இடமும் இயந்திரமும் ஏற்பாடு செய்ய வேண்டும். எலும்பையோ பல்லையோ யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பார்க்கவும் வேண்டும். அழுகத் தொடங்கிய உடல் கோப்பு நகரும்வரை காத்திருக்காது.

பொறுப்பு இருக்கும், நிலம் இருக்காது

சரி, இவ்வளவு அதிகாரம் இருந்தால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாமே? இங்கேதான் சிக்கல். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எது குறைந்தாலும் கேள்வி அவளிடம்தான் வரும், சாவிக்கொத்து மட்டும் மாமியார் இடுப்பில் இருக்கும். மாங்குரோவ் செல் தலைவரின் நிலை அதுதான்.

மும்பையின் அலையாத்திக் காடு பல கைகளில் இருந்த நிலம். மாவட்ட ஆட்சியர், துறைமுகம், நகர வளர்ச்சி நிறுவனங்கள், உப்பளங்கள், தனியார் என்று நீளும் அந்தப் பட்டியல். இரவோடிரவாக லாரியில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கடல்நீர் உள்ளே வரும் வாய்க்கால் அடைபட்டுவிட்டால் மரத்தை யாரும் வெட்டவே வேண்டாம், சில மாதங்களில் தானாகவே காய்ந்துவிடும். அப்புறம் "இங்கே மரமே இல்லையே" என்று சொல்லி மனை போடலாம். 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்தி அழிப்பைத் தடுத்து உத்தரவிட்டது. மரங்களைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அரசு நிலத்தில் உள்ளவற்றைக் காடாக அறிவித்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. மாங்குரோவ் செல் உருவானதே அந்த உத்தரவு போட்ட பாதையில்தான்.

ஆனால் உத்தரவு வந்த மறுநாளே நிலம் கைக்கு வந்துவிடுமா? ஒவ்வொரு சர்வே எண்ணாக அளக்க வேண்டும், செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும், வருவாய்த்துறைக்குக் கடிதம் போட வேண்டும், பதில் வரவில்லையென்றால் நினைவூட்டுக் கடிதம் போட வேண்டும். இந்தப் பதவியின் பெரும்பகுதி இதுதான். ஆமைக்குட்டியைக் கையில் ஏந்தும் புகைப்படத்தைப் பார்த்து இந்த வேலைக்கு ஆசைப்படுபவர்கள் சர்வே எண்களையும் கொஞ்சம் நேசிக்கப் பழகிக்கொள்வது நல்லது. ஒரு எல்லைக்கல் சரியான இடத்தில் ஊன்றப்பட்டால் பல ஆயிரம் மரங்கள் பிழைக்கும்.

வலையை யார் அறுப்பது?

என் பார்வையில் இந்தப் பதவியின் சாரத்தைச் சொல்லும் திட்டம் ஒன்று உண்டு. 2018 டிசம்பரில் தொடங்கியது.

கடலுக்கு நடுவே ஒரு படகு. வலையை இழுக்கிறார்கள், கனமாக வருகிறது. பார்த்தால் உள்ளே ஒரு ஆமை. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. மேலே வந்து காற்று வாங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். துடுப்புக் காலில் நூல் இறுகச் சுற்றியிருக்கிறது. வலையை அறுத்தால்தான் விடுவிக்க முடியும். அந்த வலையோ கடன் வாங்கி வாங்கியதாக இருக்கும். அறுத்தால் அன்றைய மீன்பாடும் போச்சு, வலையும் போச்சு. அறுக்காமல் கரைக்குக் கொண்டுவந்தால், பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடித்ததாக வழக்கு வருமோ என்ற பயம். அந்த நேரத்தில் அங்கே ரேஞ்சரும் இல்லை, வனக்காப்பாளரும் இல்லை. முடிவு அந்த மீனவர் கையில் இருக்கும் கத்தியில்தான்.

மகாராஷ்டிரா என்ன செய்தது? மாங்குரோவ் செல்லும் மீன்வளத்துறையும் சேர்ந்து ஒரு இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தன. ஆமை, ஓங்கில் (டால்ஃபின்), திமிங்கலச் சுறா போன்ற பாதுகாக்கப்பட்ட உயிரை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு, சேதத்துக்கு ஏற்ப அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை. சிக்கிய உயிரையும் விடுவிப்பதையும் செல்போனில் படமெடுத்து, படகின் பதிவுத் தாள்களோடு விண்ணப்பித்தால், அதிகாரிகள் சரிபார்த்துப் பணம் தருவார்கள். இதற்கு முன்பே குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்காக இப்படி வலைக்கு இழப்பீடு கொடுத்து வந்தார்கள்.

இரண்டு துறைகள் ஏன் சேர வேண்டியிருந்தது என்று கவனியுங்கள். மீனவர்களைத் தெரிந்தது மீன்வளத்துறைக்கு. படகுப் பதிவேடும் அவர்களிடம்தான். ஆமையைக் காக்கும் கடமையோ வனத்துறைக்கு. மீனவர் தினமும் பார்க்கும் அதிகாரி வேறு, வழக்குப் போடும் அதிகாரி வேறு. இரண்டு தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் விண்ணப்பம் வாங்குவது, யார் சரிபார்ப்பது, யார் பணம் தருவது என்று பேசி முடித்ததால்தான் இது நடந்தது. வர்சோவாவில் மீன் இறக்கும் கோலி சமூகத்து மீனவர் ஒருவர் நம்பி வலையை அறுக்கிறார் என்றால், அந்த நம்பிக்கை ஒரு அரசாணையில் எழுதப்பட்ட வரியிலிருந்து வருகிறது. பணம் ஒரு வருடம் தாமதமானால், அடுத்த ஆமைக்குக் கத்தி எடுக்க மாட்டார். எனவே இழப்பீட்டைத் தாமதமில்லாமல் பட்டுவாடா செய்வதும் கடலாமைப் பாதுகாப்புதான்.

அரசாணை என்பது முக்கியம். இந்தப் பதவியில் யாரும் நிரந்தரமாக இருப்பதில்லை, மாற்றல் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் தன் ஆர்வத்தால் மட்டும் நடத்தும் நல்ல காரியம் அவர் போனதும் நின்றுவிடும். விதியாக, பட்ஜெட் தலைப்பாக, படிவமாக மாற்றிவிட்டுப் போனால் அடுத்தவருக்கு ஆர்வம் குறைவாக இருந்தாலும் ஓடும்.

கூண்டை விட்டுப் பேச்சுக்கு வந்த கதை

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் நகரம் நெருக்குகிறது. 2000களின் தொடக்கத்தில் பூங்காவைச் சுற்றிச் சிறுத்தை தாக்கி மனிதர்கள் இறந்தார்கள். 2004இல் அது உச்சத்தைத் தொட்டது. அன்று எல்லோருக்கும் தெரிந்த தீர்வு ஒன்றுதான்: கூண்டு வை, பிடி, வேறு காட்டில் விடு. வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை இந்தப் பூங்காவில் கொண்டுவந்து விட்டதும் உண்டு.

புனே மாவட்டம் ஜுன்னார் பகுதியில் வித்யா அத்ரேயா முதலானோர் செய்த ஆய்வுகள் இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டன. இடம் மாற்றிய சிறுத்தை புது இடம் தெரியாமல் அலையும், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும், தாக்குதல் குறைவதற்குப் பதில் கூடக்கூடும் என்று காட்டின. இப்படி ஒரு ஆய்வைப் படித்துவிட்டு, மக்கள் கூண்டு கேட்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல ஒரு அதிகாரிக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

2011இல் பூங்கா நிர்வாகம் ஆராய்ச்சியாளர்களையும் நகரவாசிகளையும் சேர்த்துக்கொண்டு 'மும்பைகர்ஸ் ஃபார் எஸ்ஜிஎன்பி' (எஸ்ஜிஎன்பி என்பது பூங்காவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்ற முயற்சியைத் தொடங்கியது. குப்பை குவிந்தால் தெருநாய் பெருகும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். ஆகவே குப்பை அள்ளும் மாநகராட்சியோடு பேசினார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய போலீஸோடு பேசினார்கள். செய்தி எழுதும் நிருபர்களுக்குப் பயிலரங்கு நடத்தினார்கள். ஆதிவாசிக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் போய், குழந்தையை இருட்டில் தனியே அனுப்பாதீர்கள், சிறுத்தை கண்ணில் பட்டாலே அது ஆபத்து இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வன உயிர் அலுவலகம் ஒன்று குப்பை லாரி நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டது பாருங்கள், இந்தப் பதவியில் நல்ல தலைமை என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் அது.

வளர்ச்சித் திட்டம் வாசலுக்கு வரும்போது

தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயமானது. சுமார் 17 சதுர கிலோமீட்டர். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலம் தொடங்கி மே வரை லட்சத்துக்கும் மேல் பூநாரைகள் கூடும் இடம்.

சரணாலயத்துக்குள் ஒரு பாலமோ சுரங்கமோ வர வேண்டுமானால், கோப்பு கீழிருந்து மேலே ஏறும். கள அதிகாரி பார்த்து எழுதுவார், தலைமை வன உயிரினக் காப்பாளர் கருத்துச் சொல்வார், முதலமைச்சர் தலைமையிலான மாநில வன உயிரின வாரியம் பார்க்கும், பிறகு தேசிய வாரியத்தின் நிலைக்குழு. காப்பாளரின் கருத்தை மேலே இருப்பவர்கள் ஏற்காமலும் போகலாம். இருந்தாலும் அவர் என்ன எழுதினார் என்பது கோப்பில் நிற்கும். நாளைக்கு நீதிமன்றம் கேட்டால் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் இந்தக் கழிமுகத்தை மேலே பாலமாகக் கடக்காமல், சுமார் 7 கிலோமீட்டர் நீருக்கு அடியில் சுரங்கமாகப் போகும்படி திட்டமிடப்பட்டது. சரணாலயத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. முழுதாகத் தடுப்பதற்கும் முழுதாக விட்டுக்கொடுப்பதற்கும் நடுவில் இப்படி வழிகள் உண்டு. அதைத் தேடிக் கேட்கிற அளவுக்குத் தலைவருக்குப் பொறியியலும் கொஞ்சம் புரிய வேண்டும்.

மீன்வளத்துறைப் பக்கமும் இதே மாதிரி இழுபறிதான். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்றால், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; இரண்டுமே 61 நாள். குஞ்சு மீனைப் பிடிப்பதைத் தடுக்க 2023இல் மகாராஷ்டிரா 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. சந்தையில் உள்ளங்கை அளவுகூட இல்லாத வாவலைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை, இந்த விதியை ஆணையர் ஒருவராக அமல்படுத்த முடியாது. வாங்கும் நாமும் இதில் ஒரு கை.

இந்த நாற்காலிக்குப் போகும் வழி

வனத்துறையின் உச்சப் பதவிகளுக்கு இந்திய வனப்பணி வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். யுபிஎஸ்சி நடத்தும் தேர்வு. முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ்ஸுக்கும் இதற்கும் ஒன்றே. அறிவியல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற பட்டம் வேண்டும். பயிற்சி டேராடூனில். மும்பையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தி, மராத்தி, தமிழ் மூன்றும் காதில் விழுந்திருப்பது இந்த வேலையில் பெரிய பலம். மீனவரிடமும் ஆதிவாசியிடமும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடிவது சாதாரண விஷயம் இல்லை.

மீனில் ஆர்வம் இருந்தால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு இருக்கிறது. மேற்படிப்புக்கு நம் வர்சோவாவிலேயே மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ரேஞ்சர், வனக்காப்பாளர் வேலைகளுக்கு மாநிலத் தேர்வுகள் உண்டு, மராத்தி எழுதப் படிக்கத் தெரிய வேண்டும்.

வேலைக்குப் போகாதவர்களும் ஒன்று செய்யலாம். மகாராஷ்டிரா வனத்துறையின் உதவி எண் 1926. மழைக்காலத்தில் கரையில் ஆமை ஒதுங்கிக் கிடந்தால் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் அது காயப்பட்டோ நோயுற்றோதான் வந்திருக்கும். நாய்களை விரட்டிவிட்டு, கூட்டம் சேர விடாமல், இடத்தைச் சரியாகச் சொல்லி அந்த எண்ணுக்கு அழையுங்கள். அலையாத்திக்குள் லாரி இடிபாடு கொட்டுவதைப் பார்த்தாலும் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அதே எண்ணுக்குச் சொல்லலாம்.